பின்னுக்கு ஒன்றரை அடி

எனக்கு என் தம்பி மீது பொறாமை. ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவன் நல்லவன். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் ஊரோடு சேர்ந்து நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

புத்தூரில் எங்கள் இருவருக்கும் சொந்தமாக ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் லான்மாஸ்டர் என்று எல்லோரும் சொல்கிற, இரண்டு கைபிடியைப் பிடித்து ஓட்டும் சின்ன உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டிகளைச் செய்கிறோம். வெங்காயம், பீற்றூட், வாழைக்குலை, மாட்டெரு என்று தோட்டக்காரரின் சகலதும் அதில்தான் போகும். ஒரு பெட்டியில் இரண்டு வேலை உண்டு. கீழே, சனல் எனப்படும் ப வடிவ இரும்புகளை ஒட்டிச் செய்கிற சட்டம். அதைச் செசி என்போம். அச்சு, சக்கரம், இயந்திரத்தோடு கொழுவ முன்னால் நீண்டிருக்கும் இழுவைச் சட்டம் எல்லாம் அதோடு சேர்ந்தவை. மேலே தகட்டால் அடிக்கிற உடம்பு. கீழ்வேலை என்னுடையது. மேல்வேலை தம்பியுடையது.

இப்படிப் பிரித்துக்கொண்டது நான்தான். பதினொரு வருடத்துக்கு முன்னர், கடை தொடங்கிய நாளில், கஷ்டமான வேலையை மூத்தவன் எடுக்கவேண்டும் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

செசி செய்வது லேசான காரியமில்லை. நெருப்புப் பட்ட இரும்பு தன் இஷ்டத்துக்கு இழுக்கும். ஒரு மூலையை ஒட்டினால் அடுத்ததாக எதிர்மூலையைத்தான் ஒட்டவேண்டும். முதலில் எல்லா மூலைகளுக்கும் சின்னச் சின்னப் பொட்டு வைத்து, மூலைக்கு மூலை நாடா பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்த பிறகுதான் முழுதாக ஒட்டலாம். அவசரப்பட்டால் பெட்டி வாழ்நாள் முழுக்க நண்டு மாதிரிக் கோணலாக ஓடும். எல்லாவற்றையும்விட முக்கியம் அச்சு வைக்கிற இடம். நடுவில் வைக்கக்கூடாது. பெட்டியின் நடுவிலிருந்து நாலைந்து அங்குலம் பின்னுக்குத் தள்ளி வைக்கவேண்டும். அப்போதுதான் பாரத்தில் கொஞ்சம் முன்னுக்கு வந்து, கொழுவுகிற இடத்தை அமத்திக்கொண்டிருக்கும். மூட்டை சுமக்கிறவன் சற்று முன்னால் குனிந்து நடப்பதைப்போலத்தான். பாரம் பின்னுக்குச் சாய்ந்தால் இழுவைச் சட்டம் மேலே கிளம்பும். அது கிளம்பினால் லான்மாஸ்டரின் மூக்கு நிலத்தில் குத்தும், கைபிடி ஓட்டுகிறவனின் கையை விட்டு எழும்பும்.

இவ்வளவையும் யார் பார்க்கிறார்கள்? ஒருவரும் இல்லை. பெட்டி வாங்க வருகிறவர் குனிந்து அடியைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நேரே பின்னால் போவார். பின்கதவில் தம்பி கீறிய தாமரையைத் தடவுவார். கை வெட்டாமல் இருக்கத் தகட்டின் விளிம்பை அவன் உள்ளுக்கு மடித்திருப்பான். தண்ணீர்ப் போத்தல் வைக்க ஒரு வளையம், மண்வெட்டி செருக இரண்டு கொக்கி, மழைத்தண்ணீர் வடிய மூலையில் ஓட்டை. யாரும் கேட்காத சங்கதிகள் எல்லாம் அவனுக்குத் தோன்றும். "அட, உது நல்ல யோசினை!" என்பார்கள். பிறகு கைபேசியில் படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். கனடாவில் இருக்கிறவர்கள் அதற்குக் கைதட்டுவார்கள்.

ஒருமுறை நானும் பொறுக்க முடியாமல் ஒரு பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்து செசியைப் படம் எடுத்துப் போட்டேன். மூன்று பேர் விரும்பியிருந்தார்கள். ஒருத்தி என் மனைவி. மற்றவர் யாரென்று தெரியாது, கை தவறி அமத்தியிருக்கலாம். மூன்றாவது ஆள் என் தம்பி, அவன் இருதயக் குறி போட்டிருந்தான்.

இன்னொரு வழக்கமும் என் வயிற்றெரிச்சலுக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டி எங்கள் கடையிலிருந்து வெளிக்கிட்டால் முதலில் பிள்ளையார் கோயிலுக்குத்தான் போகும். வெறும் பெட்டியாகப் போகக்கூடாது என்பார்கள். வாங்குகிறவரின் வீட்டார், அயலட்டைச் சனம் எல்லாம் ஏறி உட்கார்ந்து போவார்கள். கோயிலில் சக்கரத்துக்குத் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, பூசை முடிந்ததும் செய்தவரின் கையில் வெற்றிலைத் தட்டம் கொடுப்பார்கள். செய்தவர் என்றால் அவர்களுக்குத் தம்பிதான். முதல் இரண்டு வருடம் நானும் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றேன். பிறகு போவதை விட்டுவிட்டேன். கடையில் யாராவது நிற்கத்தானே வேண்டும் என்பேன். தம்பி தட்டத்தை அப்படியே கொண்டுவந்து என் மேசையில் வைப்பான். வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தொடமாட்டேன்.

இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு, நீர்வேலிப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் ஏழடிப் பெட்டி ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். செசியை நான் முடித்து, துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பூச்சும் அடித்துவிட்டேன். அன்று காலை அவர் வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று பார்க்க வந்தார். நான் வாசலில் இரும்பு தேய்க்கிற கிரைண்டரோடு நின்றேன். என்னைக் கடந்து உள்ளே போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடைசியில் என் முன்னால் வந்து நின்று கேட்டார்.

"தம்பியார் எங்கை? நீங்கள் இஞ்சை வேலைக்கு நிக்கிறியளோ?"

என் கடை. என் காணி. என் பேரில் எடுத்த மின்சாரம். "ஓம், வேலைக்குத்தான்" என்றேன். கோபம் வந்தால் எனக்கு இப்படித்தான் பணிவு வரும்.

தம்பி வந்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. இருவரும் என் செசியைச் சுற்றி நடந்தார்கள். குலைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் காய் நசியும், நிறுத்தித்தான் ஏற்றவேண்டும், ஏழடியில் பதினைந்து குலைதான் நிற்கும் என்றார் அவர்.

"பின்னுக்கு ஒரு ஒண்டரை அடி நீட்டேலாதோ?"

"ஏன் ஏலாது? நீட்டலாம்" என்றான் தம்பி.

அவர் போனபின் தம்பி இரண்டு துண்டுச் சனலை வெட்டி எடுத்து, செசியின் வாலில் வைத்துப் பொட்டு வைத்தான். நான் பத்தடி தள்ளி வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பார்க்க எனக்குக் கடதாசி தேவையில்லை. பெட்டியின் வால் பதினெட்டு அங்குலம் நீண்டால் நடு ஒன்பது அங்குலம் பின்னுக்குப் போகும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவுக்குப் பின்னால் நிற்கவேண்டிய அச்சு இப்போது நடுவுக்கு முன்னால் நிற்கிறது. பத்து அங்குலமாவது அதைத் தள்ளவேண்டும். "டேய், பொறு, அச்சைக் கழட்டவேணும்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அரைநாள் வேலை.

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன். அவன் முகமூடியை இறக்கிக்கொண்டு முழுதாக ஒட்டத் தொடங்கினான்.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். யாருக்கும் காயம் பட வேண்டும் என்று நினைக்கவில்லை. முதல் முறை குலை ஏற்றும்போது கைபிடி கொஞ்சம் எழும்பும். வாழைக்காரர் பதறி, ஏற்றியதை இறக்கிவிட்டு, கடைக்கு வந்து தம்பியைப் பிடிப்பார். தம்பி முழிப்பான். அப்போது நான் மெல்ல எழும்பி வந்து, அச்சு என்றால் என்ன, அது எங்கே நிற்கவேண்டும், ஏன் நிற்கவேண்டும் என்று அந்த மனிதனுக்கு அரைமணி நேரம் விளங்கப்படுத்துவேன். தம்பி பக்கத்தில் நின்று கேட்பான். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஏறுவது குலை இல்லை, ஆட்கள் என்பது என் மண்டைக்கு வரவில்லை. கோயிலுக்குப் போவதை விட்டு ஒன்பது வருடமாகியிருந்தது.

பெட்டி முடிந்தது. சொல்லத்தான் வேண்டும், அழகாக இருந்தது. நீலத்தில் மஞ்சள் கரை. வாலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட வசதியாக, விளிம்பு முழுக்க உருண்டைக் குழாய் வைத்து ஒட்டியிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை வாழைக்காரர் லான்மாஸ்டரோடு வந்தார். மனைவி, இரண்டு மச்சாள்மார், மகன், அயலில் உள்ளவர்கள் என்று ஒன்பது பத்துப் பேர். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் தம்பியின் மகளும் அங்கே நின்றாள். ஒன்பது வயது. எனக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பெறாமகள்தான் என் சட்டைப்பையில் கைவிட்டு இனிப்பு எடுக்கிற ஒரே ஆள்.

பெட்டியைக் கொழுவியதும் சனம் ஏறியது. பின்கதவைத் திறந்துவிட்டு, இடம் கிடைத்தவர்கள் அந்த உருண்டைக் குழாயில் நெருக்கி உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார்கள், மற்றவர்கள் அவர்கள் முதுகோடு ஒட்டி நின்றார்கள். நடுவில் பெறாமகள். "பெரியப்பா, நீங்களும் வாங்கோவன்!" என்று கத்தினாள். வாழைக்காரர் பெட்டியின் முன்னால், இழுவைச் சட்டத்தின் மேல் இருக்கிற ஓட்டுகிறவரின் இருக்கையில் உட்கார்ந்து கைபிடியைப் பிடித்தார். தம்பி மோட்டார் சைக்கிளில் முன்னே போனான்.

இயந்திரம் அசைந்ததும் கைபிடி ஒரு சாண் மேலே வந்து நின்றதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிரைண்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்தால் பாய்ந்து, வாழைக்காரரின் இருக்கைக்கு அருகில், இழுவைச் சட்டத்தில் ஏறி நின்றேன். என் எண்பது கிலோவுக்குக் கைபிடி இறங்கியது.

"என்ன, உங்களுக்கும் ஆசை வந்திட்டுதோ?" என்று சிரித்தார் அவர்.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எல்லோரையும் முன்னுக்கு வரச் சொல்லியிருக்கலாம். ஏனென்று கேட்பார்களே, என்ன சொல்வது? "ஓம், ஆசைதான்" என்றேன். கோயில் கிட்டத்தான், நான் இப்படியே நின்றால் போய்விடலாம் என்று என்னை நானே சமாளித்தேன்.

தோட்ட ஒழுங்கையால் திரும்பி, வாய்க்கால் மதகில் ஏறும்போது பெட்டி பின்னால் சரிந்தது. வாலில் இருந்தவர்கள் இன்னும் பின்னுக்குச் சாய்ந்தார்கள். கைபிடி வாழைக்காரரின் கையைப் பறித்துக்கொண்டு அவர் நாடிவரை எழும்பியது. லான்மாஸ்டரின் மூக்கு மதகில் குத்தி, வாய்க்கால் பக்கம் திரும்பியது. நான் கைபிடியில் பாய்ந்து தொங்கினேன். முழுப்பாரத்தோடும் தொங்கி, கிளச்சை இழுத்து அமத்தினேன். பெட்டியின் முன்பக்கம் தடாலென்று இறங்கியது. பின்னால் ஒரே கூச்சல்.

இயந்திரம் வாய்க்காலுக்கு ஒரு முழம் இருக்க நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது குழாயின் நடுவில் இடம் வெறுமையாக இருந்தது. பெறாமகள் தெருவில் குந்தியிருந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. முழங்கை உரிந்து, பாவாடையில் செம்மண். வேறொன்றும் இல்லை. தம்பி ஓடிவந்து தூக்கினான். நான் கிட்டப் போகவில்லை.

மிச்சத் தூரத்துக்கு எல்லோரும் இறங்கி நடந்தார்கள். நடந்தபடியே என்னைப் புகழ்ந்தார்கள். "அண்ணை பாய்ஞ்சு தொங்கியிராட்டி நாங்கள் எல்லாரும் வாய்க்காலுக்கைதான்" என்று வாழைக்காரர் மனைவிக்கும் மச்சாள்மாருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார். வேலைக்கு நிற்கிறவன் இப்போது அண்ணையாகிவிட்டான். பூசை முடிந்து ஐயர் சந்தனம் கொடுத்தபின், அவர் வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு தம்பியைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். தம்பி சிரித்தபடி தலையாட்டினான்.

"ஓம், அண்ணைக்குக் குடுங்கோ. அவர்தான் காப்பாத்தினவர்."

வாங்கினேன். பதினொரு வருடத்தில் என் கைக்கு வந்த முதல் தட்டம். அது எவ்வளவு கனம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எல்லாம் சரி, உது ஏன் அப்பிடிக் கிளம்பினது?" என்று கேட்டார் வாழைக்காரர்.

நான் வாய் திறக்கமுன் தம்பி முந்திக்கொண்டான். "நீங்கள் கேட்டியள் எண்டு நான் பின்னுக்கு நீட்டினதெல்லோ, அதாலைதான். என்ரை பிழை. நான் யோசிச்சிருக்கவேணும்."

வாழைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பத்துச் சனத்தை ஏற்றுகிற பெட்டியை இப்படியா செய்வது என்கிற பார்வை. அவனை ஒரு வாடிக்கைக்காரர் அப்படிப் பார்க்கவேண்டும் என்று நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அந்தக் கணம் எனக்கு இனிக்கவில்லை என்று சொன்னால் பொய். இனித்தது. தம்பி தலையைக் குனிந்து மகளின் முழங்கையில் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, என் கையிலிருந்த தட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். பெரியப்பாவுக்குப் பரிசு கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

"அவன்ரை பிழையில்லை" என்றேன். "அவன் நீட்டேக்கையே எனக்குத் தெரியும். அச்சைத் தள்ளாட்டி உப்பிடித்தான் கிளம்பும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனான்."

"தெரிஞ்சுகொண்டோ?" என்றார் வாழைக்காரர். "ஏன் அண்ணை?"

"திங்கட்கிழமை கொண்டு வாங்கோ, சரிப்பண்ணித் தாறன். அதுவரைக்கும் ஒண்டும் ஏத்தாதையுங்கோ" என்று சொல்லித் தட்டத்தை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கோயில் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி மகளை முன்னால் இருத்தி, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் காத்திருந்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். மதகில் லான்மாஸ்டரின் மூக்குக் குத்திய இடத்தில் சீமெந்து பெயர்ந்திருந்தது. அதைப் பார்த்தபடி சொன்னான்.

"நான் உங்களைப் பாத்தனான் அண்ணை."

"ஓம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப சரியெண்டு நினைச்சுத்தான் ஒட்டினனான். எல்லாப் பெட்டிக்கும் அப்பிடித்தானே செய்யிறனான்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவன் தாமரை கீறுவதையும், கொக்கி வைப்பதையும், சனம் அவனை மொய்ப்பதையும் பதினொரு வருடம் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒவ்வொரு தகட்டை வெட்டுமுன்னும் அவன் ஒருமுறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொள்வான் என்பது கண்ணில் படவேயில்லை.

திங்கட்கிழமை இருவருமாகச் சேர்ந்து அச்சைக் கழற்றிப் பத்து அங்குலம் தள்ளி ஒட்டினோம். வாழைக்காரர் மகனோடு வந்து பெட்டியைக் கொழுவிக்கொண்டு போனார். அவர் இப்போதும் பேசுவார், ஆனால் தம்பியோடுதான்.

தம்பி முன்பு போலவே இருக்கிறான். பகலில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து மீன்பொரியலில் பெரிய துண்டை எனக்கு வைக்கிறான். சனம் முன்பு போலவே அவனைத் தேடித்தான் வருகிறது. எனக்கு வயிறும் முன்பு போலவே எரிகிறது, அது போகும் என்று நான் நினைக்கவில்லை. வேலையில் ஒன்றுமட்டும் மாறியிருக்கிறது. தகட்டில் கோடு போட்டதும், "அண்ணை, சரியோ?" என்று கேட்கிறான். தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்லும்வரை நிற்கிறான். "சரி" என்கிறேன். அதற்குப் பிறகு நாடாவை எடுத்து, அச்சிலிருந்து வால்வரை தானும் ஒருமுறை அளந்து பார்க்கிறான்.